ஆன்லைனில் நிறுவனக் கோட்பாடும் வடிவமைப்பும்: நெல்லைப் பக்கத்து மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், தென்காசி, சங்கரன்கோவில் பக்கம் வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் முதுகலை மேலாண்மை படிக்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். அவர்களில் சிலருக்கு நான் பாடத்தில் கைகொடுக்கிறேன். மார்க்கெட்டிங்கும் அக்கவுன்ட்ஸும் எப்படியோ ஓடிவிடும். 'ஆர்கனைசேஷன் தியரி அண்ட் டிசைன்' தாள் தொடங்கியதும் போன் வர ஆரம்பித்துவிடும். சந்தேகங்களும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் உள்ளவை தேவைப்படும்.

அண்ணாச்சி, இது ஹெச்.ஆர். பாடமா? ஓ.பி.ன்னு இன்னொரு பேப்பரும் இருக்கே, ரெண்டும் ஒண்ணுதானா?

ஒன்றல்ல. ஓ.பி. என்கிற ஆர்கனைசேஷனல் பிஹேவியர் மனிதரைப் பார்க்கிறது. ஒருவர் ஏன் ஆர்வமாக வேலை செய்கிறார், இன்னொருவர் ஏன் எரிந்து விழுகிறார், குழுவுக்குள் என்ன நடக்கிறது என்பதெல்லாம் அதில் வரும். இந்தத் தாள் முழு நிறுவனத்தையும் பார்க்கிறது: வேலையை எப்படிப் பிரித்தார்கள், பிரித்ததை எப்படிச் சேர்க்கிறார்கள், முடிவெடுப்பது யார், இந்த உருவம் ஏன் வந்தது.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் சிடுசிடுத்தால் அது ஓ.பி. அந்த ஒரு சீட்டுக்காக நோயாளி நாலு கவுன்டர் ஏறி இறங்க வேண்டியிருந்தால் அது நம்ம பாடம். அங்கே எவ்வளவு தங்கமான ஆளை உட்கார வைத்தாலும் கவுன்டர் நாலுதான்.

நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. கணக்கு வருமா? இங்கிலீஷ் கட்டுரையப் பாத்தாலே தல சுத்துது.

கணக்கு கிட்டத்தட்ட இல்லை. வாசிப்புதான் அதிகம், அதுவும் அடர்த்தியான வாசிப்பு. எனக்குத் தெரிந்த நல்ல வழி ஒன்று உண்டு. இந்தத் துறையில் எந்தக் கட்டுரையை எடுத்தாலும் அது தனக்கு முன்னால் எழுதிய யாரோ ஒருவரோடு சண்டை போடும். யாரோடு, எதற்காக என்று முதல் இரண்டு மூன்று பக்கங்களிலேயே தெரிந்துவிடும். அதைக் கண்டுபிடித்துத் தமிழில் நாலு வரி எழுதி வைத்துக்கொண்டு முடிவுரைக்குப் போங்கள். நடுப்பகுதியைக் கடைசியில் படிக்கலாம். தமிழில் நாலு வரி வரவில்லை என்றால் இன்னொரு தடவை வாசியுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆன்லைன்ல வாங்குன டிகிரிக்கு மதிப்பு உண்டா? வீட்டுல கேக்காங்க.

யூஜிசியின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, அனுமதி பெற்ற பல்கலைக்கழகம் ஆன்லைனில் தரும் முதுகலைப் பட்டம் நேரடியாகப் படித்து வாங்கும் பட்டத்துக்குச் சமம். இதில் 'அனுமதி பெற்ற' என்பது முக்கியம். பல்கலைக்கழகம் பெரியதாக இருந்தால் போதாது. நீங்கள் சேரும் ஆண்டுக்கு, நீங்கள் சேரும் அந்தப் படிப்புக்கே அனுமதி இருக்கிறதா என்று யூஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். 2024-லிருந்து சேருகிற மாணவர் டெப்-ஐடி என்ற எண்ணையும் எடுத்திருக்க வேண்டும்.

பட்டம் வேண்டாம், பாடம் மட்டும் போதும் என்றால் மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில், ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் பாடங்களில் இலவசமாகச் சேரலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் கட்டணம் கட்டி நேரில் தேர்வு எழுத வேண்டும். அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75 என்று கணக்கு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால், அரசு வேலைக்கு அந்தப் பட்டம் செல்லுமா என்பதைச் சேருவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

வேலைக்குப் போயிட்டு வந்து படிக்கேன். எந்த நேரத்துல படிச்சா ஏறும்?

வீடியோவை எப்போது வேண்டுமானாலும், பஸ்ஸில் போகும்போதுகூடப் பார்க்கலாம். கட்டுரை வாசிக்க மட்டும் யாரும் கூப்பிடாத ஒன்றரை மணி நேரம் ஒரே மூச்சாக வேண்டும். வாரத்தில் அப்படி இரண்டு தடவை கிடைத்தால் இந்தத் தாளைச் சமாளித்துவிடலாம்.

டெய்லர் 1911, ஃபயோல் 1916, வெபர் அதுக்கும் பழசு. இந்தக் காலத்துல இவங்கள எதுக்குப் படிக்கணும்?

வெபர் அவ்வளவு பழசு இல்லை. அந்த ஜெர்மன் சமூகவியலாளரின் பெரிய நூல் அவர் இறந்த பிறகு, 1922-ல் வெளிவந்தது. ஆனால் அவர் சொன்னது நம்ம தாலுகா ஆபீஸில் இன்றைக்கும் நடக்கிறது. சிங்கம்பட்டியிலும் எட்டயபுரத்திலும் ஜமீன் இருந்த காலத்தில் ஜமீன்தாரின் சொல்தான் அதிகாரம். பரம்பரையாக வந்தது என்பதாலேயே அது செல்லுபடியானது. வெபர் இதை மரபுவழி அதிகாரம் என்பார். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்களை ஒழித்த பிறகு, நிலம் யாருக்கு என்பது தாலுகா ஆபீஸ் கோப்பில் வந்து உட்கார்ந்தது. தாசில்தார் மாற்றலாகிப் போவார், கோப்பு அங்கேயே இருக்கும். நாற்காலி வேறு, அதில் இருக்கும் ஆள் வேறு. வெபர் பியூராக்ரசி என்று சொன்ன, எழுதிவைத்த விதிப்படி நடக்கும் அலுவலக முறைக்கு இதுதான் அடித்தளம். 'சிவப்பு நாடா' என்று நாம் திட்டுகிற அதே எழுத்துவிதிதான், சிபாரிசுக்கு ஆளில்லாத ஒரு விவசாயி 'என் மனு எங்கே?' என்று கேட்க வழி செய்தது. அந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்து எழுதினால் உங்கள் விடை தனியாகத் தெரியும்.

டெய்லரும் அப்படித்தான். ஒரு வேலையைச் சின்னச் சின்ன அசைவுகளாகப் பிரித்து, நேரம் அளந்து, சிறந்த முறை எது என்று நிர்வாகமே தீர்மானிப்பது அவர் வழி. வண்ணாரப்பேட்டையில் சாப்பாட்டுப் பையோடு பைக்கில் பறக்கும் பையனின் செல்போன் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. ஃபயோலின் 14 கொள்கைகளில் 'ஒருவருக்கு ஒரே மேலாளர்' என்பதை மட்டுமாவது நினைவில் வையுங்கள். கீழே தேவைப்படும்.

அசைன்மென்ட்டுக்கு ஒரு நிறுவனத்த எடுக்கச் சொல்லுதாங்க. எங்க பேட்ச்ல எல்லாரும் கூகுள், ஆப்பிள்னு எடுத்துட்டாங்க. நான் எதை எடுக்க?

நீங்கள் நடந்து போய் உள்ளே நுழையக்கூடிய ஒன்றை எடுங்கள். இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான். கூகுளைப் பற்றி உங்களுக்குக் கிடைப்பதெல்லாம் அந்த நிறுவனம் வெளியே சொன்னதும் பத்திரிகைகள் எழுதியதும்தான். ஊர் பால் சொசைட்டியில் விடிகாலையில் போய் நின்றால் யார் அளக்கிறார், யார் எழுதுகிறார், பால் திரிந்துபோனால் யார் யாருக்குப் போன் போடுகிறார் என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

அந்த சொசைட்டியே பெரிய பாடம். ஆவின் அமைப்பில் கிராமத்தில் சங்கம், அதற்கு மேல் ஒன்றியம், மாநிலத்துக்கு ஒரு இணையம். காகிதத்தில் பார்த்தால் கீழே பால் ஊற்றுகிறவர்தான் சொந்தக்காரர். மேலே இருப்பவை அவருக்காக உண்டானவை. ஆனால் கொள்முதல் விலையும் தர அளவும் மேலிருந்து வருகின்றன. சொந்தம் கீழிருந்து மேலே போகிறது, கட்டுப்பாடு மேலிருந்து கீழே வருகிறது. இந்த இரண்டும் எங்கே உரசுகின்றன என்று மட்டும் எழுதினாலே ஒரு நல்ல அசைன்மென்ட் ஆகிவிடும்.

பால் சொசைட்டிதான் என்றில்லை. கூட்டுறவு வங்கி, பஸ் டிப்போ, மெட்ரிக் பள்ளி, அல்வாக் கடை, ஊர்க் கொடை நடத்தும் கமிட்டி எதுவானாலும் சரி. ஒன்றை எடுத்தால் பருவம் முடியும்வரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒரு கோட்பாடு வரும்போதெல்லாம் அதே இடத்துக்குப் போய் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள், எழுதும்போது ஆட்களின் பெயரை விட்டுவிடுங்கள்.

போய்க் கேட்டேன். 'ஆர்க் சார்ட்டா, அப்படி ஒண்ணும் இல்லியே தம்பி'ங்காங்க. இப்ப என்ன செய்ய?

யாருக்குக் கீழே யார் என்று காட்டும் படம்தான் ஆர்க் சார்ட். அது இருந்தாலும் முழுசாக நம்பக் கூடாது. ஒரு காகிதத்தின் பின்னாலேயே போங்கள். நாலு நாற்காலி வாங்க ஒரு வவுச்சர் என்று வையுங்கள். யார் கேட்டார், யார் கையெழுத்துப் போட்டார், எந்த மேஜையில் எத்தனை நாள் கிடந்தது, யாரிடம் வாய்ச்சொல்லாகக் கேட்ட பிறகு நகர்ந்தது? அந்தப் பாதையை வரைந்தால் அதுதான் உண்மையான சார்ட். கையெழுத்துப் போடும் உரிமையே இல்லாத ஒரு பழைய கிளார்க்கைச் சுற்றித்தான் எல்லாம் நடக்கிறது என்றுகூடத் தெரியவரலாம்.

வரைந்த பிறகு, வேலைகள் எதனால் ஒன்றுசேர்கின்றன என்று பாருங்கள். மேலாண்மை அறிஞர் மிண்ட்ஸ்பெர்க் ஐந்து வழி சொல்கிறார்: பக்கத்தில் நின்று பேசிக்கொள்வது, ஒருவர் மேற்பார்ப்பது, வேலைமுறையை முன்பே வகுத்துவிடுவது, விளைவுக்கு அளவு வைப்பது, ஆட்களுக்கு முன்பே பயிற்சி கொடுத்துவிடுவது. அடுத்த கேள்விக்கு இந்த ஐந்தும்தான் சாவி.

மிண்ட்ஸ்பெர்க்கோட அஞ்சு வகையும் மாறி மாறிக் குழம்புது.

வகைகளை மனப்பாடம் செய்வதால் வரும் குழப்பம் அது. ஒவ்வொரு வகையிலும் மேலே சொன்ன ஐந்தில் ஒரு வழி ஓங்கி நிற்கும். முதலாளியே கல்லாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்கும் அல்வாக் கடையில் மேற்பார்வை ஓங்கும், அது எளிய அமைப்பு. பஸ் டிப்போவில் எந்த வண்டி, எந்த ரூட், எத்தனை மணி என்பது அட்டவணையிலேயே இருக்கிறது, அது இயந்திர பியூராக்ரசி. ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் சர்ஜன் கத்தியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று டீன் சொல்வதில்லை. பல வருஷப் பயிற்சி அதைச் சொல்லிவிட்டது. அது தொழில்முறை பியூராக்ரசி. தலைமை அலுவலகம் லாபக் கணக்கை மட்டும் பார்த்துப் பிரிவுகளைத் தனித்தனியாக ஓடவிட்டால் பிரிவு அமைப்பு, ஜெனரல் மோட்டார்ஸ் இதற்குப் பழைய உதாரணம். பல துறை நிபுணர்கள் ஒரு வேலைக்காகக் கூடி, பேசிப் பேசியே வேலையை முடித்தால் அது அட்ஹாக்ரசி.

தேர்வில் கேட்பது பெரும்பாலும் கலப்பு வகையைத்தான். அரவிந்த் கண் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது, 1988-ல் நெல்லைக்கு வந்தது. டாக்டர்கள் இருப்பதால் தொழில்முறை வகை என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் அங்கே பரிசோதனையும் நோயாளியைத் தயார் செய்வதும் இதற்கென்றே பயிற்சி பெற்ற பெண்கள் செய்கிறார்கள். ஒரு மேஜையில் அறுவைச் சிகிச்சை நடக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்தவர் தயாராக இருப்பார். சர்ஜன் திரும்பி உட்கார்ந்தால் போதும். கை தொழில்முறையானது, ஓட்டம் இயந்திரமுறையானது. இரண்டையும் பிரித்துக் காட்டுங்கள், முழு மதிப்பெண் வரும்.

எனக்கு ரெண்டு மேனேஜர். ஒருத்தர் வான்னா இன்னொருத்தர் போன்னுதாரு. இதத்தான் மேட்ரிக்ஸ்ங்காங்களா?

ஆமாம், வேண்டுமென்றே அப்படி அமைத்திருந்தால். ஃபயோலின் 'ஒரே மேலாளர்' விதியை அமெரிக்க விமான, விண்வெளி நிறுவனங்கள் தெரிந்தே மீறின. தொழில்நுட்பத் தரமும் வேண்டும், திட்டம் குறித்த நாளில் முடியவும் வேண்டும் என்ற இரண்டு அழுத்தமும் சமமாக இருந்ததுதான் காரணம். இரண்டு மேனேஜரும் மோதிக்கொள்வது அங்கே எதிர்பார்த்த ஒன்றே. அந்த மோதலைப் பேசித் தீர்க்க ஓர் இடம் இருக்கிறதா, இல்லை அது உங்கள் தலையில் வந்து விழுகிறதா என்று பாருங்கள். உங்கள் தலையில்தான் விழுகிறது என்றால் வடிவமைப்பு பாதியில் நிற்கிறது.

கன்டிஞ்சென்சி தியரினா 'எல்லாம் சூழ்நிலையப் பொறுத்தது'ன்னு எழுதினா போதும்லா?

போதாது. எதைப் பொறுத்து எது எப்படி மாறுகிறது என்று சொல்லாவிட்டால் அது கோட்பாடே இல்லை. ஜோன் வுட்வர்ட் 1950-களில் இங்கிலாந்தின் தெற்கு எசெக்ஸில் சுமார் நூறு தொழிற்சாலைகளைப் பார்த்தார். ஒவ்வொன்றாகச் செய்வது, மொத்தமாக உற்பத்தி செய்வது, நிற்காமல் ஓடும் உற்பத்தி என்று பிரித்தபோது நிர்வாக அடுக்குகளின் நடு அளவு (மீடியன்) 3, 4, 6 என்று ஏறியது. நன்றாக ஓடிய தொழிற்சாலைகள் தத்தம் வகையின் நடு அளவை ஒட்டியே இருந்தன. தொழில்நுட்பம் மாறினால் பொருந்துகிற உருவமும் மாறும் என்று இப்படித்தான் காட்டினார்.

நம்ம பக்கம் பார்த்தால், பத்தமடையில் பாய் நெய்கிறவர் முதல் வகை. நூற்பாலை இரண்டாவது. தாழையூத்து சிமென்ட் ஆலையில் சூளை இரவு பகலாக எரிவது மூன்றாவது. பாய் நெய்கிறவருக்கு மேல் ஆறு அடுக்கு வைத்தால் என்ன ஆகும்? சிமென்ட் ஆலையில் மூன்றே அடுக்கு வைத்தால்? அதற்குப் பதில் சொல்லிப் பழகினால் கன்டிஞ்சென்சி தானே பிடிபடும். லாரன்ஸும் லார்ஷும் 1967-ல் சொன்னது இதன் அடுத்த படி: சூழல் நிலையில்லாமல் இருந்தால் துறைகள் ஒன்றுக்கொன்று அதிகமாக வேறுபட வேண்டியிருக்கும், வேறுபட்ட அளவுக்கு அவற்றைச் சேர்த்துக்கட்டவும் அதிகம் மெனக்கெட வேண்டியிருக்கும்.

குரூப் அசைன்மென்ட்ல ஒருத்தன் எதுவுமே செய்யமாட்டேங்கான். என்ன பண்ண?

சண்டை போடுவதற்கு முன்னால் வேலையை எப்படிப் பிரித்தீர்கள் என்று பாருங்கள். தாம்ஸன் மூன்று வகைச் சார்பு சொல்கிறார். அவரவர் பகுதியைத் தனியாகச் செய்து கடைசியில் சேர்ப்பது ஒன்று, ஒருவர் முடித்தால்தான் அடுத்தவர் தொடங்க முடியும் என்பது இன்னொன்று, மாறி மாறிக் கொடுத்து வாங்குவது மூன்றாவது. சங்கரன்கோவிலில் ஒருவர், துபாயில் ஒருவர், இரவுப் பணியில் ஒருவர் என்று இருக்கும் குழு மூன்றாவது வகையைத் தேர்ந்தெடுத்தால் மாட்டிக்கொள்ளும். வாசிப்பையும் தகவலையும் முதல் வகையில் வைத்துவிட்டு, கடைசி இரண்டு நாள் மட்டும் எல்லாரும் ஒன்றாக உட்காருங்கள். அப்போதும் அவர் வரவில்லை என்றால் எது விடுபட்டது என்று தெளிவாகத் தெரியும். பேராசிரியரிடம் சொல்வதும் சுலபம்.

எங்க அம்மா பீடி சுத்துதாங்க. அவுங்க அந்தக் கம்பெனி ஆளா, இல்லையா? புத்தகத்துல தேடுனேன், தெரியல.

இந்தப் பாடத்தில் இதைவிட நல்ல கேள்வி எனக்கு வந்ததில்லை. கம்பெனி இலையும் தூளும் கான்ட்ராக்டரிடம் கொடுக்கிறது, அவர் வீடுகளுக்குக் கொடுக்கிறார், ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி, சரியில்லாததைக் கழித்துவிடுவார்கள். நிறுவனத்தின் எல்லை எங்கே முடிகிறது? கோஸ் 1937-ல் கேட்டது இதைத்தான்: ஒரு வேலையை உள்ளே வைத்துச் செய்வது எப்போது, வெளியே வாங்குவது எப்போது? பீடியை எண்ணிவிடலாம், பிரித்துப் பார்த்துத் தரம் சொல்லிவிடலாம். சுற்றும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியதில்லை. மிண்ட்ஸ்பெர்க்கின் 'விளைவுக்கு அளவு வைப்பது' இங்கே சுவரே இல்லாமல் வேலை செய்கிறது. மேற்பார்வைச் செலவும் இல்லை, கட்டடச் செலவும் இல்லை, அந்தச் செலவெல்லாம் அம்மாவின் திண்ணைக்கும் முதுகுக்கும் போய்விட்டது.

தனக்கு வேண்டிய வளம் யார் கையில் இருக்கிறதோ அவரைச் சார்ந்தே ஒரு நிறுவனம் இருக்கும் என்று பிஃபெஃபரும் சலான்சிக்கும் 1978-ல் சொன்ன வளச் சார்பையும் இங்கே பாருங்கள். பீடி இலை மத்திய இந்தியக் காடுகளிலிருந்து வருகிறது, நம்ம பக்கத்துத் தோட்டத்தில் கிடைக்காது. இலையும் தூளும் யார் கையில் இருக்கிறதோ அவர் கைதான் மேலே. சட்டம் இந்த எல்லையை வேறு மாதிரி வரைந்தது. 1966-ஆம் ஆண்டு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டில் இருந்து சுற்றுகிறவரையும் தொழிலாளி என்றே சேர்த்துக்கொண்டது. ஆகவே கம்பெனி சார்ட்டில் அம்மா பெயர் இருக்காது, சட்டத்தின் பார்வையில் இருந்தது, வேலையின் ஓட்டத்தில் அவர்தான் நடுநாயகம். மூன்று எல்லையையும் வரைந்து, எந்த எல்லை யாருக்கு லாபம் என்று எழுதுங்கள். அம்மாவிடமும் கேட்டு எழுதுங்கள்.

எங்க காலேஜ்ல 'செல்', 'கமிட்டி'ன்னு நிறைய இருக்கு. கூட்டம் நடந்து பாத்ததே இல்ல. இது எந்தத் தியரி?

மேயர், ரோவன் 1977. டிமாஜியோ, பவல் 1983. இரண்டையும் சேர்த்தே படியுங்கள். நிறுவனங்கள் ஒன்றுபோல ஆவதற்கு டிமாஜியோவும் பவலும் சொல்வது மூன்று அழுத்தம்: மேலே இருப்பவர் கட்டாயப்படுத்துவது, என்ன செய்வது என்று தெரியாமல் அடுத்தவரைப் பார்த்துச் செய்வது, ஒரே மாதிரி படித்தவர்கள் எல்லா இடத்திலும் போய் உட்காருவது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் ஆய்வுக்குக் கோப்பு கேட்பார்கள் என்று தொடங்கிய கமிட்டி முதல் வகை. கோப்பில் கமிட்டி, நடப்பில் பழைய வழக்கம் என்று இரண்டும் ஒட்டாமல் ஓடுவதைத்தான் மேயரும் ரோவனும் விளக்கினார்கள். இதை ஏமாற்று வேலை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வெளியே ஏற்பு கிடைக்க வேண்டும், உள்ளே பாடமும் நடக்க வேண்டும் என்ற நெருக்கடியில் பல கல்லூரிகள் இப்படித்தான் சமாளிக்கின்றன.

இங்க கடை நடக்கதே சாதியும் சொந்தமும் வச்சுத்தான். பாடத்துல அது எங்கயுமே இல்லையே?

நேராக இல்லை. அது பாடத்தின் குறை, உங்கள் பார்வையின் குறை அல்ல. பக்கத்தில் வருகிறவை இரண்டு. பொருளாதார உறவுகள் சமூக உறவுகளுக்குள் பதிந்து கிடக்கின்றன என்று கிரனோவெட்டர் 1985-ல் எழுதினார். சந்தை, பியூராக்ரசி இரண்டையும் தாண்டி, ஒரே வழக்கமும் நம்பிக்கையும் ஆட்களைக் கட்டிவைக்கும் 'குலம்' என்ற மூன்றாவது கட்டுப்பாட்டு முறை உண்டு என்று ஔச்சி 1980-ல் சொன்னார். நாடார் உறவின்முறைகள் என்ற சாதிச் சங்கங்களும், வியாபாரிகள் கொடுத்துச் சேரும் அவற்றின் மகமை என்ற பொதுநிதியும், 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தொடங்கி இன்று தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியாக இருப்பதும் இந்த இரண்டுக்கும் வலுவான உதாரணம். ஊரிலிருந்து சென்னை மளிகைக் கடைக்குப் போன பையன் சில வருஷத்தில் தனிக்கடை போடுவது, எழுதப்பட்ட ஒப்பந்தம் இல்லாமலேயே நடக்கிறது.

ஆனால் இதே நம்பிக்கையால், உள்ளே இருப்பவருக்குத்தான் கடன், வேறு ஆளுக்குக் கதவடைப்பு. பொறுப்பான இடத்தில் யாரை உட்கார வைப்பார்கள், யாரை வைக்கவே மாட்டார்கள் என்பதும் ஒரு வடிவமைப்பு முடிவுதான். உங்கள் அசைன்மென்ட்டில் அதைத் தயங்காமல் எழுதுங்கள். வெளியூர்ப் பேராசிரியருக்கு விளங்க ஒரு பத்தி பின்னணி கொடுத்தால் போதும்.

சாட்ஜிபிடிகிட்ட எழுதி வாங்கலாமா?

புரியாத பத்தியை விளக்கச் சொல்லிக் கேளுங்கள், உங்கள் பல்கலைக்கழகத்தின் விதி அனுமதித்தால். அசைன்மென்ட்டை எழுதித் தரச் சொல்லாதீர்கள். உங்கள் சொசைட்டியில் வவுச்சர் எந்த மேஜையில் கிடந்தது என்று அதற்குத் தெரியாது, இல்லாத கட்டுரையை இருப்பதாகவும் சில சமயம் சொல்லிவிடும்.

கடைசி அசைன்மென்ட்ல 'மறுவடிவமைப்புப் பரிந்துரை' கேக்காங்க. எதை மாத்தச் சொல்ல?

முழு நிறுவனத்தையும் மாற்றாதீர்கள். வவுச்சரின் பின்னால் போனபோது எங்கே சிக்கியது என்று பார்த்தீர்களே, அந்த ஒரு இடத்தை மட்டும் எடுங்கள். அது இப்போது அப்படி இருப்பதற்கு என்ன காரணம், அதனால் யாருக்கு என்ன நன்மை என்று முதலில் எழுதுங்கள். மோசமாகத் தெரியும் ஏற்பாடும் யாரோ ஒருவரின் பிரச்சினையைத் தீர்த்துக்கொண்டிருக்கும்.

இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கங்களில் புது இயந்திரம் வந்தபோது, கூடி வேலை பார்த்த சின்னக் குழுக்களை உடைத்து ஷிஃப்ட் வாரியாக வேலையைப் பிரித்தார்கள். எதிர்பார்த்த உற்பத்தி வரவில்லை, ஆட்கள் நொந்துபோனார்கள். டிரிஸ்டும் பாம்ஃபோர்த்தும் 1951-ல் இதை எழுதினார்கள். கொஞ்ச நாளிலேயே ஏ.கே. ரைஸ் அகமதாபாத் காலிகோ ஆலையின் நெசவுக்கூடத்தில், தறிகளைச் சின்னக் குழுக்களின் பொறுப்பில் விட்டு வேலையைத் திரும்ப அமைத்தார். இந்தியாவில் நடந்தது என்பதால் உங்கள் அறிக்கைக்கு இது நன்றாகப் பொருந்தும்.

அறிக்கையில் சிக்கலுக்கு ஒரு பக்கம், அது ஏன் நீடிக்கிறது என்பதற்கு இரண்டு பக்கம், மாற்றத்துக்கு ஒரு பக்கம் கொடுங்கள். அப்புறம், மாற்றத்தால் அதிகாரம் குறையப்போகும் ஆள் யார், அவர் என்ன சொல்வார் என்று ஒரு பக்கம். நான் பார்த்த அறிக்கைகளில் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது இந்தக் கடைசிப் பக்கத்தைத்தான். அந்தப் பழைய கிளார்க்கைப் போய்ப் பார்த்துக் கேட்டுவிட்டு அதை எழுதுங்கள்.